கை நின்ற பிறகு வந்த ஆசை

நான் ஓரிடத்தில் நிலைத்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். அக்குறணையில் மூட்டை தூக்கினேன், கட்டுகஸ்தோட்டையில் பெயின்ட் அடித்தேன். அண்ணன் அப்படி இல்லை. வத்தேகமவில் பஸ் நிற்கும் இடத்தருகே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். எதையும் நம்பி இறங்காதவர். மாதச் சீட்டுகூடப் பிடித்ததில்லை.

அவருக்கு நடுக்குவாதம் வந்தது. பிளேன்டீ கொண்டுபோனால் பாதி தட்டில் கிடக்கும். "அண்ணே, கிளாஸ்ல குடிக்கவா, தட்ட நக்கவா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே வேறு ஊற்றிக் கொடுப்பார். கண்டி கிளினிக்கில் நடுக்கத்துக்குக் குளிசை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கை நடுக்கம் நின்றது. அண்ணி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் லொத்தர்ப் பரிசுச் சீட்டு வாங்கத் தொடங்கினார். முதலில் ஒன்று, பிறகு கைநிறைய. யாரும் தடுக்கவில்லை. கையைக் கொடுத்த ஆத்தா இதையும் கொடுப்பாள் என்றுதான் வீட்டில் பேச்சு. சீட்டுகளைச் சாமி படத்தின் முன்னால் வைத்துத் திருநீறு போட்டோம். அண்ணி கனவில் கண்ட இலக்கங்களைச் சொல்வார். காசு போதாமல் போனபோது தன் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். பிறகு மகளின் தோடு, வளையல் எல்லாம் அண்ணிக்குத் தெரியாமலே போயின. கேட்டால் அண்ணன் பொய் சொன்னார். கடைக்குச் சீனி வாங்கவும் காசு இல்லை. அண்ணி மகளை அழைத்துக்கொண்டு புசல்லாவையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போது வேலை இல்லை. அதனால் அண்ணனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது நான். அங்கிருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"புதுசா ஏதும் பழக்கம் வந்ததோ? சூது, லொத்தர்?"

அண்ணன் தலைகுனிந்துகொண்டார். லொத்தர் விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"ஓம், அது குளிசையின்ர வேலை. அவரை ஏசாதேங்கோ," என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து விளக்கினார். "மனுசர் லாப நட்டத்தை நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கினம் எண்டு பொருளாதாரம் படிச்ச ஆக்கள் கனகாலமாக் கணக்குப் போட்டவை. மூளையைப் பார்த்தா அப்பிடி இல்லை. கிடைக்கப்போகுது எண்ட எதிர்பார்ப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு சுரப்பு இருக்கு. இந்தக் குளிசையும் அதைப் போலத்தான். சில பேருக்கு எதிர்பார்ப்பு அளவுமீறிப் போகும், இழந்தது உறைக்காது. இப்ப பொருளாதார ஆக்களும் அந்தக் கணக்குகளைத் திருத்தினம்."

குளிசையின் அளவைக் குறைத்தார். கொஞ்ச நாளில் லொத்தர் ஆசை அடங்கியது. கை மறுபடி நடுங்கத் தொடங்கியது.

இதைச் சொன்னால் அண்ணி வந்துவிடுவார் என்று நினைத்துப் புசல்லாவைக்கு பஸ் ஏறினேன். அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அது அண்ணன் குணம் இல்ல அண்ணி. குளிசை."

"பொய் சொன்னதும் குளிசையா?"

"அதுவும்தான்னு வைங்க. டாக்டரே சொன்னாங்க."

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"சரி தம்பி, அவரு குளிசை குடிச்சாரு. நம்பர் சொன்னது நான். மொத சங்கிலிய கழட்டிக் குடுத்ததும் நான். நான் என்னத்தக் குடிச்சேன்?"

டாக்டரிடம் அதைக் கேட்டிருக்கலாம்.

"அவரு மேல கோவம் இல்ல. புள்ளைக்கு இருந்தத அழிக்க ஆரம்பிச்சு வச்சது நான்தான். அந்த வீட்டுக்குள்ள வந்தா அதுதான் ஞாபகம் வரும். கூப்புடாதீங்க," என்றார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

அண்ணன் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"வர்றாளா?"

"இல்லண்ணே."

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"குளிசைய பழைய அளவே போட்டுக்கவாடா? அவ வருவான்னாவது தோணும்."

டாக்டர் சொன்னதை என்னைவிட அவர்தான் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

"வேணாம்ணே."

"சரி," என்றார். "அப்ப அவ வரமாட்டான்னே இருந்துக்கிறேன்."