பானெட்டில் ஒட்டியிருந்த படம்

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹேமநாதன் மாமா சிங்கப்பூருக்குக் கிளம்பினார். அங்கே ஒரு பட்டறையில் அவர் மெக்கானிக். விடுமுறையில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். நண்பரின் வண்டியில் ஏறும் முன் தன் மனைவியான என் அக்கா பிரேமலாவின் காரைக் காட்டி, எஞ்சின் பெல்ட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, குளுவாங் நகரம் வரை தாங்காது, அடுத்த வாரம் தான் வந்து மாற்றும்வரை யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். புதுப் பெல்ட் மூன்று வாரமாக அந்தக் காரிலேயே கிடந்தது.

மறுநாள், சிறுநீரகம் பழுதான எங்கள் ஊர் வெள்ளையம்மாவுக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி என்று ஐந்து வருடமாக அக்காதான் அவரை எங்கள் மலேசிய ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து குளுவாங்குக்குக் கூட்டிப் போகிறாள். அதற்கு முன் பதினான்கு வருடம் தொழிற்சாலையில் இருந்தாள். அது மூடியபோது, முப்பத்தெட்டு வயதில், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை லைசென்ஸ் எடுத்தாள். கார் அவள் சேமிப்பில் வாங்கியது. மழை, காய்ச்சல், தீபாவளி எதற்கும் அவள் ஓட்டம் நின்றதில்லை; நின்றது ஒரே ஒரு முறைதான்.

புத்தாண்டுக்கு ஊரில் எல்லாப் பட்டறையும் அடைப்பு. வாடகைக் காரும் கிடைக்கவில்லை. ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்தபோது நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அக்காவோ தன் சொந்தக் காரின் எஞ்சின் மூடியான பானெட்டைத் திறக்க மாமாவுக்குப் போன் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ கை வெக்காத லா. எஞ்சினே போயிரும்," என்றார் மாமா.

"வெள்ளையம்மா நாளைக்குப் போயே ஆகணுங்க."

"ஒரு நாள் போகாட்டி ஒண்ணும் ஆகாது."

போன வருடம் அக்கா அம்மை கண்டு படுத்திருந்தபோது அவளுக்குப் பதிலாக வர வேண்டிய ஓட்டுநர் வராமல் போய், நுரையீரலில் நீர் கோத்து வெள்ளையம்மா நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அது மாமாவுக்கும் தெரியும். அக்கா போனை வைத்தாள்.

"ரூபினி, ஸ்பேனர எடு," என்றாள் என்னிடம்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரத்தை நீளமான ஸ்பேனரால் நெம்பினோம். பெல்ட் தளர்ந்தது. உருவி எடுத்தோம். மாட்டும் வழி பானெட்டின் உள்பக்கத்தில் படமாக ஒட்டியிருந்ததால் பழையது சுற்றியிருந்த விதத்தைப் போட்டோ எடுக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தே புதியதை மாட்டினோம். ஒரு சாண் தொங்கியது. கழற்றினோம், மாட்டினோம். மறுபடி தொங்கியது. பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் நீளம் ஒன்றுதான். இரண்டு மணி நேரம் போனபின் அக்கா தலையைத் தூக்கிப் பானெட்டையே பார்த்தாள்.

"இது நம்ம பானெட்டே இல்லடி."

மூன்று வருடத்துக்கு முன் மாமா அவள் காரை லாரியின் பின்னால் மோதியபோது பழைய கார்களை உடைத்து விற்கும் கடையிலிருந்து இந்தப் பானெட்டை வாங்கிப் போட்டார். அது வேறு எஞ்சின் காருடையது. படமும் அந்த எஞ்சினுக்கானது. எஞ்சின் வேறு என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் திறக்கப் போவதில்லை என்ற நினைப்பு. நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அக்கா திட்டவில்லை. சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வரி இருந்த சக்கரத்தில் பெல்ட்டின் வரிப் பக்கம், வழவழப்பானதில் அதன் முதுகு. அப்படி வளைத்துக்கொண்டே போனாள். தொங்கல் இல்லாமல் உட்கார்ந்தது. கீச்சென்ற சத்தமில்லாமல் எஞ்சின் ஓடியது. அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடு காட்டும் முள் ஏறுகிறதா என்று பார்த்தபின்தான் கை கழுவப் போனாள்.

திங்கள் காலை ஆறரைக்கு வெள்ளையம்மா முன்சீட்டில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். வந்ததும் பெல்ட்டைக் கழற்றி, அதே பெல்ட்டை அதே வழியில் திரும்ப மாட்டினார். மாலையில் பக்கத்து வீட்டு சுகுமாறனிடம், நல்லவேளை தான் வந்து சரியாக மாட்டியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர்மேல் வந்த கோபம் அன்றிரவு அவள்மேலும் திரும்பியது. சொல்லிக்கொள்ளாமல் மறுநாளே நான் இருக்கும் பினாங்குக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அக்டோபரில் அவளிடமிருந்து ஒரு வாட்சாப் வந்தது:

"இன்னிக்கு பிரேக் பேட் மாத்துனேன். அவரு வீட்லதான் இருந்தாரு. நான் அவர்கிட்ட கேக்கல."