சின்னுவுக்கு நான் மறுத்த வெயில்

தை மாதத்தின் ஒரு காலையில், தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்காகச் சின்னுவைக் கையில் எடுத்தேன். சின்னு, என் தங்கை அலமேலு ஏழு ஆண்டுகளாக வளர்த்துவரும் நீராமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உடையது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. கல்போல் இருக்கவேண்டிய அதன் ஓடு என் கட்டைவிரலின் அழுத்தத்திற்கு உள்வாங்கியது. வலத்தோரத்தில் வெளிறிய திட்டொன்று தெரிந்தது. முகர்ந்தால் கெட்ட வாடை. கண்ணிமைகள் வீங்கி ஒட்டியிருந்தன.

வீட்டில் ஆமை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததற்குக் காரணம் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவி மறைந்த பிறகு, மணம் செய்துகொள்ளாத அலமேலு மைசூர் அக்ரஹாரத்து வீட்டிற்கு என்னோடு இருக்க வந்தாள், சின்னுவும் வந்தது. ஐப்பசியில் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அவள் பெங்களூர் சென்றாள். மாசிவரை அங்கேயே தோழி வீட்டில் தங்கவேண்டியிருந்தது.

புறப்படும்போது சொன்னாள்: "அண்ணா, தெனமும் பத்து மணிக்கு மாடியில அந்தக் கல்தொட்டியில விடு. ஒரு மணி நேரம். பாதி நிழல் இருக்கணும். அதுவா கல்லு மேல ஏறும், அதுவா எறங்கும். நீ ஒண்ணும் பண்ணவேண்டாம். அதுதான் உனக்குக் கஷ்டம்."

பத்து மணி என் பாராயண நேரம். அதனால் சின்னு வெயில் காய்வதை அதுவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. முதல் நாள் பார்த்தேன். கல்மேல் ஏறி, கழுத்தை முழுதும் வெளியே விட்டு, பின்னங்கால்களை விரல் விரித்துப் பின்னால் நீட்டி, கண்மூடிக் கிடந்தது. ஐந்து உறுப்புகளையும் ஓட்டுக்குள் ஒடுக்கும் ஆமையையே புலனடக்கத்திற்கு உவமையாகச் சிறுவயது முதல் ஓதிவந்தவன் நான். ஒடுங்கிய ஆமை நலமுடையது, விரிந்து கிடப்பது துன்பப்படுவது என்று மனத்தில் எப்போதோ பதிந்திருந்தது. அது வெயிலில் மூர்ச்சித்துவிட்டது என்றே பதறினேன். ஒரு செம்பு நீரை அதன்மேல் ஊற்றிக் கீழே கொண்டுவந்தேன்.

அதன் பின் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. பூசை அறைச் சன்னலோரம் ஆழமான தொட்டியில், ஏறுவதற்குக் கல் இல்லாமல் வைத்தேன். ஆமையாய் அவதரித்தவன் நீருக்குள்தானே மலையைத் தாங்கினான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வைத்துவிட்டுப் போன உலர்ந்த இறாலை ஆசாரம் கருதித் தொடவில்லை. தயிர்சாதமும் கீரையும் இட்டேன். அலமேலு தினமும் தொலைபேசியில் கேட்பாள்: "வெயில் காட்டினியா?" காட்டினேன் என்பேன். திருமண் இட்ட நெற்றியோடுதான் அந்தப் பொய்யைத் தினமும் சொன்னேன்.

பிராணி மருத்துவர், எல்லையோரத்தில் தமிழ் பேசும் ஊரான மார்டள்ளியைச் சேர்ந்த இளம்பெண். சின்னுவைப் புரட்டிப் பார்த்து, ஓட்டின் எக்ஸ்ரே படம் எடுத்தார்.

"எத்தன நாளா வெயில்ல விடலீங்க, ஐயா?"

"மூணு மாசமா. சன்னல் வெயில் நன்னா விழுமேம்மா."

"கண்ணாடி வழியா வெளிச்சம் வருமுங்க. அதுக்கு வேணுங்கற கதிரு வராதுங்க."

புற ஊதாக் கதிர் (கண்ணுக்குத் தெரியாத சூரியக் கதிர்) நேரே பட்டால்தான் உணவிலுள்ள சுண்ணச்சத்து ஆமையின் எலும்பிலும் ஓட்டிலும் சேரும் என்று விளக்கினார். அது இல்லாததால் எலும்பு நலிவு (ஓடும் எலும்பும் மென்மையாதல்). உடம்பு உலரவே வழியில்லாததால் ஓடு அழுகல் (ஓட்டில் கிருமி தொற்றுதல்). இரண்டும் சின்னுவுக்கு இருந்தன.

"காலெல்லாம் நீட்டிண்டு கெடந்ததேம்மா. மூர்ச்சையாயிடுத்துன்னு நெனைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "அது சொகமா இருக்குதுன்னு அர்த்தமுங்க, ஐயா."

பிழைக்குமா என்று கேட்டேன். பத்து நாள் கழித்துச் சொல்கிறேன் என்றார்.

வீடு திரும்பியதும் அலமேலுவை அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"தெனமும் கேட்டேனே, அண்ணா."

"ஆமாம்."

"எதிராத்துப் பொண்ணுகிட்ட விட்டிருந்தா அவ மறந்தாவது போயிருப்பா. பொய் சொல்லியிருக்க மாட்டா." பிறகு குரல் தணிந்தது. "இப்போ சாப்பிடறதா?"

சாப்பிடவில்லை. சுண்ணச்சத்து ஊசி போட்டார்கள். திட்டை மென்தூரிகையால் துலக்கி, நீர் கலந்த அயோடின் மருந்து தடவினேன். நாளின் பெரும்பகுதி ஈரமில்லாத பெட்டியில். இருவேளை மட்டும் சிறிது நேரம் தண்ணீரில். காலையில் மாடி வெயில், ஒரு பாதி நிழலாக. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஆமையின் கிருமி மனிதருக்கும் ஆகாதாம். இறாலையும் என் கையாலேயே இட்டேன். எட்டாம் நாள் ஒன்றைக் கவ்வியது.

அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குச் செய்ய எதுவும் இல்லை என்பதே பெரிய சிகிச்சையாக இருந்தது. பாசுரம் ஓதிப் பார்த்தேன். இரண்டாம் அடியில் மறந்துவிடும். அதன் தோல் மெல்லச் சூடேறுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் முதுகிலும் அதே வெயில்தான் பட்டது. உடலை ஒடுக்குவது மட்டுமே பக்தி என்று இத்தனை காலம் எண்ணியிருந்தவனுக்கு, கால் நீட்டி வாங்கிக்கொள்வதும் ஒருவகை வணக்கம் என்று தோன்றத் தொடங்கியது. அப்படித் தோன்றியதால் குற்ற உணர்வு குறையவில்லை.

மாசிக் கடைசியில் அலமேலு கைத்தடியோடு வந்தாள். சின்னுவை மடியில் வைத்து ஓடு முழுவதையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். எங்கும் உறுதி, வலத்தோரத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவில் ஒரு பள்ளம். அது நிரம்பாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் இருபது ஆண்டு இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்.

எனக்கு எழுபத்தாறு. அவளுக்கு அறுபத்தெட்டு.

"நமக்கப்பறம் எதிராத்துப் பொண்ணு எடுத்துக்கறேங்கறா," என்றாள். "எப்படிப் பார்த்துக்கணும்னு ஒரு காகிதத்துல எழுதிடு. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்."

வெயில், நிழல், உணவு என வரிசையாக எழுதினேன். கடைசியில் பள்ளத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. 'நோயால் வந்தது' என்று எழுதினேன். சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு அடித்தேன். வெயில் காட்டாததால் வந்தது என்று எழுதி, காட்டாதவன் பெயரையும் முழுதாக எழுதினேன். அலமேலு கண்ணாடி போட்டுப் படித்தாள். படித்துவிட்டு, எதையும் மாற்றாமல் மடித்து வைத்தாள்.