முன்பாதி அவனிடம்

எழுபதுகள் முடியப் போகிற சமயம். மதுரையில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். ஈர்ப்பு என்பதே வெளியின் வளைவுதான் என்கிற பொதுச் சார்பியலை விருப்பப் பாடமாக எடுத்த கிறுக்கர்கள் நானும் என் அறைத் தோழனும்தான். அந்தப் பேப்பரில் முந்துகிறவனுக்கு ஆராய்ச்சி மாணவர் இடம். இருந்ததே ஒரே இடம். புத்தகமும் ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட புத்தகத்தைத் தையல் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துப்போய், பரீட்சை முடிந்ததும் பைண்ட் பண்ணி வைப்பது எங்கள் துறையில் வழக்கம். நூலகரும் கண்டும் காணாததுமாக இருந்துவிடுவார். படிப்பு லீவுக்குப் பின்பாதியோடு நான் வீட்டுக்கு, சங்கரன்கோவில் வந்தேன். முன்பாதியோடு அவன் தன் ஊரான கரிவலம்வந்தநல்லூர் போனான். லீவின் நடுவில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்து அவனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது.

பரீட்சை நெருங்கிவிட்டது. முன்பாதி கையில் இல்லாததால், வளைவுக்கான வரையறையை வகுப்பு நோட்ஸிலிருந்தும் ஈர்ப்புச் சமன்பாட்டைப் பின்பாதியிலிருந்தும் எடுத்துக் கணக்கைப் போட்டேன். கடைசி வரியில் பள்ளிக்கூடத்தில் படித்த ஈர்ப்பு விதி வர வேண்டும். வந்தது, மைனஸ் குறியோடு. சூரியன் பூமியை இழுக்கவில்லை, தள்ளுகிறது! திரும்பப் போட்டேன். அப்போதும் தள்ளியது. குப்பென்று வியர்த்துவிட்டது.

"எம்மா, சூரியன் தள்ளுதும்மா" என்று கத்தியேவிட்டேன்.

"தள்ளிட்டுப் போவுது. சோறு ஆறுது, வந்து தின்னு" என்றாள் அம்மா.

சோறாவது ஒன்றாவது. பின்பாதியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். படுத்துக் கிடப்பான் என்று நினைத்துப் போனால், ஆள் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. உள்ளே போய் முன்பாதியை எடுத்துவந்து முதல் பக்கத்தைக் காட்டினான். வளைவுக்குப் பிளஸ் போடுவதா மைனஸ் போடுவதா என்பதில் உலகம் முழுக்க இரண்டு கட்சி. எங்கள் பேராசிரியர் ஒரு கட்சி, புத்தகம் எதிர்க்கட்சி. அதில் பாதி இதில் பாதி எடுத்தால் சூரியன் தள்ளத்தான் செய்யும். புத்தகம் எந்தக் கட்சி என்று அங்கே பளிச்சென்று அச்சடித்திருந்தது.

"எப்பலே பாத்தே இத?"

"பிரிச்ச அன்னைக்கே."

"அப்போ காய்ச்சல்?"

"எடம் ஒண்ணுதானலே இருக்கு" என்றான்.

எனக்குத் திக்கென்றது. இந்த ஒரு பக்கத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பின்பாதியைப் படிக்காமலே பரீட்சைக்குப் போகத் துணிந்திருக்கிறான், பாவி. ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் தின்றவன்.

"வந்ததுதான் வந்துட்டே, பின்பாதியக் கொண்டாந்தியா?" என்று கையை நீட்டினான்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த என் கையைப் பார்த்து நானே விக்கித்துப் போனேன்.