மசுயோ வீட்டு மக்னோலியா

எங்கள் தெருவில் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் மசுயோவிடம்தான் போக வேண்டும். அவள் வீட்டு முன்னறைதான் கடை. தோகி ஊரிலேயே அவளைப்போல ஒழுங்கு பார்க்கிறவள் கிடையாது. தலையானாலும் செடியானாலும் ஒரு நுனி துருத்திக்கொண்டு நின்றால் அவளுக்குக் கை அரிக்கும். அவள் தோட்டத்தில் எல்லாச் செடியும் உருண்டையாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு சிசுயே இதற்கு நேர் எதிர். அவள் வீட்டுச் செடிமேல் துணி காயும், கீழே பூனை தூங்கும். பள்ளிக்கூடத்தை மூடியபோது அங்கிருந்த குட்டை மக்னோலியாவின் பதியக் கன்றுகளை இருவரும் ஆளுக்கொன்று வாங்கி வந்து நட்டார்கள். எங்கள் மலையடிவாரத்து ஈரக் களிமண்ணில் தானாகவே வளரும் செடி அது. இலை விடுமுன்பே, கோவில் கயிற்றில் தொங்கும் காகிதப் பட்டைபோல மெல்லிய வெள்ளை இதழ்களோடு பூக்கும். சிசுயே வீட்டில் கொட்டிக் கொட்டிப் பூத்தது. மசுயோ வீட்டில் அடிக்கிளையில் இரண்டு பூவோடு சரி.

வாசனை வேலி தாண்டிக் கடைக்குள் வரும். "ஆகா, உங்க தோட்டமா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "பக்கத்து வீடு" என்று சொல்லும்போது அவள் கத்தரியின் சத்தம் கூடும். காது தப்பட்டும் என்று நான் குனிந்துகொள்வேன்.

"மீன் கழிவு கொண்டாந்து கொட்டுறா. இல்லேன்னா அந்தச் சோம்பேறிக்கு இப்படிப் பூக்குமா?"

"நீங்களும் கொட்டிப் பாருங்களேன், மசுயோ-சான்" என்பேன், மரியாதைக்குச் 'சான்' சேர்த்து.

"கொட்டிட்டேன். பூனைதான் வந்துச்சு. அதுவும் அவ பூனை."

பொறாமைதான், வேறென்ன. வெறும் பூவுக்காக என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பக்கவாதம் வந்து, பார்வையும் போய்ப் படுக்கையில் கிடந்தார் அவள் கணவர் தொகுஜிரோ. வசந்தம் வந்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: "இந்தா, ஜன்னலத் தெற. சிசுயே-சான் பூ பூத்திருக்கும்." கஞ்சி ஊட்டுகிறவள் இவள், கால் பிடித்துவிடுகிறவள் இவள். மூச்சை இழுத்துவிட்டு அவர் சொல்லும் பெயர் மட்டும் சிசுயேவுடையது. "எம் பூவ மோந்துட்டு 'மசுயோ பூ'ன்னு ஒரு வாட்டி சொல்லணும். எனக்கு அது போதும்" என்றாள் என்னிடம்.

பூக்காததற்குக் காரணம் அவள் கத்தரிதான். புத்தாண்டுக்கு முன் வீட்டைத் துடைத்து, தோட்டத்தைத் திருத்தி வைப்பது எங்கள் வழக்கம். கோடையிலேயே உருவாகி, பஞ்சு போர்த்திக் கிளை நுனியில் காத்திருக்கும் மொட்டுகளை அவள் அப்போது மொத்தமாக வழித்துவிடுவாள். இதைச் சொல்ல வந்த ஒரு தோட்டக்காரரை, "சிசுயே அனுப்புனாளா?" என்று கேட்டு விரட்டினாள். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்?

போன டிசம்பரில் தொகுஜிரோ ஆஸ்பத்திரியில் இருந்தார். தோட்டத்தைத் தொட அவளுக்கு நேரமில்லை. அவர் வீடு திரும்பிய பிறகு, மார்ச்சில் ஒரு நாள், என் தலையைப் பாதி வெட்டிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். செடி முழுக்க வெள்ளை. என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஒரு கிளையை ஒடித்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"யாரு பூ, சொல்லுங்க?"

அவர் முகர்ந்தார். "சிசுயே-சான் பூ."

"நம்ம பூங்க! நம்ம செடி!"

"நம்ம செடி எப்ப பூத்துச்சு? திருடிட்டு வந்தியா? போய் மன்னிப்புக் கேளு. ஜன்னல் தெறந்தே இருக்கட்டும், என் காதுல விழணும்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். அவர் கஞ்சிக்கு வாய் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல், முன்னோருக்குப் படைக்கச் செய்திருந்த பயறு உருண்டைகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். பாதித் தலையோடு நானும் பின்னால் போனேன்.

"ஒங்க கிளைய ஒடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க" என்று மசுயோ குனிந்தாள்.

சிசுயே இரண்டு செடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "ஐயோ, இது ஒங்க வீட்டுப் பூதான், தொகுஜிரோ-சான்! என் செடில ஒரு கிளையும் ஒடியல!"

உள்ளிருந்து அவர் குரல் வந்தது. "பாத்தியா மசுயோ, எவ்வளவு பெரிய மனசு. காட்டிக்கூடக் குடுக்கல."

மசுயோ மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். சிசுயே முதுகைத் தடவ வந்தபோது அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்குமுன் அவர் போய்விட்டார். பூ இருந்தவரை அவர் தலைமாட்டில் மசுயோவின் கிளைதான் இருந்தது. தினமும் முகர்ந்துவிட்டு, அவர் சிசுயேவுக்குத்தான் நன்றி சொன்னார்.