நின்ற பிறகு வந்த துடக்கு

புயல் அடித்த வருசம் எனக்கு மாதத் துடக்கு நின்றது. நல்லது என்று நினைத்தேன். துணி துவைக்கிற வேலை மிச்சம்.

ஒரு வருசம் முழுக்க ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வருசம் பங்குனியில் திரும்பச் சீலையில் பட்டது. கொஞ்சம்தான். நோவு இல்லை.

எங்கள் வீட்டில் துடக்கு என்றால் குசினிக்குள் போகக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் சாய்த்து இறக்கிய ஒத்தாப்பில் பாய், தனிக் கோப்பை. பிறகு தலை முழுகிவிட்டு உள்ளே வரலாம். பழகின காரியம். யோசிக்காமல் பாயை எடுத்துக்கொண்டு ஒத்தாப்புக்குப் போனேன். எல்லாருக்கும் வழக்கம் தெரிந்த வீடு. அதனால் இது ஏதும் நோய் வருத்தமாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சமையல் மச்சாளின் தலையில் விழுந்தது. இவருடைய தங்கை. புருசன் செத்த பிறகு எங்களோடு இருந்தாள். வாய்க்காரி.

"அண்ணா, உங்கட மனிசி திரும்பவும் குமராயிட்டா. பந்தல் போட்டுத் தண்ணி வாக்க வேணும். ஊருக்குச் சொல்லட்டோ?"

"பொத்தடி வாயை" என்றேன்.

இவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகும் சில தடவை பட்டது. ஒவ்வொரு தடவையும் ஒத்தாப்புக்குப் போனேன். தலை முழுகினேன். வந்தேன்.

கிண்ணியாவிலிருந்து படகு ஏறித் தயிர் கொண்டு வருகிற ஒரு முஸ்லிம் மனுசி இருந்தாள். ஒருநாள் ஒத்தாப்பில் இருந்தபடியே, சட்டியைப் படியில் வைக்கச் சொன்னேன்.

"ஏன் புள்ள, எழும்ப ஏலாதா?"

"துடக்கு."

"உங்களுக்கு நின்டு போச்சு என்டு சொன்னீங்களே?"

"நின்டதுதான். திரும்ப வருது."

அவள் சட்டியை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கட மூத்தவ, ராத்தாக்கும் இப்பிடித்தான் புள்ள. நின்ட பிறகு பட்டிச்சு. நாங்களும் சும்மா இருந்திட்டம்."

"இப்ப எப்பிடி?"

"மவுத்தாகிட்டா. அடக்கியும் ஆச்சு."

அவள் போன பிறகு தயிர்ச் சட்டியை எறும்பு மொய்த்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இவரிடம் ஆசுபத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். இதையெல்லாம் புருசனிடம் கதைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாளைக்கே போவம்" என்றார்.

டொக்டர் ஆம்பிளை. அதை நினைத்துக் கதிரை நுனியில் உட்கார்ந்து சீலைத் தலைப்பை இழுத்து இழுத்துவிட்டேன். அவர் குனிந்துகொண்டே கேட்டார். எப்போது நின்றது, எப்போது திரும்பப் பட்டது, எத்தனை பிள்ளை. தாதி மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் ஏற்றினாள்.

"மூச்சை விடுங்கோ அம்மா. இறுக்கிப் பிடிச்சால்தான் நோகும்" என்றாள்.

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முடிந்தது.

டொக்டர் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"இது துடக்கு இல்லை அம்மா. நின்டு ஒரு வருசம் கழிஞ்சால் பிறகு ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டால் உடனே வரவேணும். நோவு வரட்டும் என்டு பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது."

"கூடாத வருத்தமோ ஐயா?"

"கனபேருக்குச் சின்ன விசயம்தான். சிலபேருக்கு அப்பிடி இல்லை. மயக்கிப்போட்டு உள்ளுக்கச் சுரண்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பவேணும். அங்க பாத்துச் சொல்லாமல் என்னால சொல்ல ஏலாது."

எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "அப்ப நான் குசினிக்குள்ள போகலாமோ?"

"குசினிக்கும் போகலாம், கோயிலுக்கும் போகலாம். இங்கதான் முதல் வந்திருக்க வேணும்" என்றார். கோபம் இல்லை. களைப்புத்தான்.

சுரண்டி எடுத்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

முடிவு வரும்வரை இருந்த நாட்கள்தான் பொல்லாதவை. சோறு இறங்கவில்லை. பகலில் நாலைந்து தரம் கக்கூசுக்குப் போய்ச் சீலையைப் பார்ப்பேன். சிவப்பாக ஏதும் கண்டால் நெஞ்சு அடிக்கும். ஒன்றும் காணாவிட்டாலும் அடிக்கும். இந்தப் பயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. சந்தையில் செத்தல் மிளகாய் வாங்கி வந்து காயப் போட்டேன். வறுத்து இடித்தேன். போத்தல் போத்தலாக அடைத்தேன்.

இவர் வந்து பார்த்தார். "ஏன் இவ்வளவு?"

"வெயில் நல்லாக் கிடக்கு."

மச்சாள் என் கையிலிருந்து உலக்கையை வாங்கினாள். வாய் சும்மா இருக்காதே. "என்ன மச்சாள், திவசத்துக்கும் சேத்தோ இடிக்கிறீங்கள்?"

சொன்ன உடனேயே அவளுக்கு விளங்கிவிட்டது. உலக்கையைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"மிளகாய்க் கை. கண்ணில வையாதை" என்றேன்.

கொழும்பிலிருந்து முடிவு வந்த அன்று டொக்டர் என்னை இருக்கச் சொன்னார். இருக்கச் சொன்னதிலேயே தெரிந்தது.

"புற்றுத்தான் அம்மா. ஆனால் துவக்கம். கர்ப்பப்பையை முழுக்க எடுத்தால் தப்பலாம். பிந்தினால் சொல்ல ஏலாது."

"எடுங்கோ."

"வீட்டுக்காரரைக் கேக்கயில்லையே?"

"அவர் வெளியில நிக்கிறார். மாட்டன் என்டு சொல்ல மாட்டார்."

வெளியே வந்தேன். மதிலுக்கு அப்பால் கடல் தெரிந்தது. இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்டப் போகினமாம்."

"எப்ப?"

"சொல்லுவினம்."

சைக்கிள் பூட்டைத் திறக்க அவருக்குக் கனநேரம் எடுத்தது.

ஒப்பரேசன் நடந்தது. கண் விழித்தபோது வாய் காய்ந்திருந்தது. வயிற்றில் நெருப்பு. மிஸ்ஸி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். டொக்டர் வந்து, வெளியே பரவவில்லை, எல்லாம் எடுத்தாயிற்று என்றார். பாரம் தூக்கக் கூடாது, கிணற்றில் அள்ளக் கூடாது என்றார். வீட்டில் மச்சாள் அள்ளி வார்த்தாள். அந்தக் கிழமைகளில் அவள் ஒரு பகிடியும் விடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஏதாவது கதையன்டி" என்று நானே கேட்டேன்.

பிறகு தவணைக்குத் தவணை போய்க் காட்டினேன். முதல் நாள் இரவில் நித்திரை வராது. காலையில் முதல் ஆளாய்ப் போய் ஆசுபத்திரி வாங்கில் உட்காருவேன். டொக்டர் பார்த்து "ஒண்டும் இல்லை" என்பார். அடுத்த தவணை வரும்வரை மூச்சு விடலாம். அப்படியே சில வருசம் போனது.

ஒருநாள் அவர் சொன்னார், "இனி நீங்கள் வரத் தேவையில்லை அம்மா. சுகம். ஏதும் பட்டால் மட்டும் வாங்கோ."

"ஓம் ஐயா" என்றேன்.

அடுத்த தவணைக்கும் போனேன். வரிசையில் இருந்தேன். என்னைக் கண்டதும் அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"பட்டதோ?"

"இல்லை ஐயா."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"ஒருக்காப் பாத்து விடுங்கோ."

மிஸ்ஸி சிரித்துக்கொண்டு திரையை இழுத்தாள். நான் கட்டிலில் ஏறினேன்.