சூசையம்மாவின் உரத்த ஜெபமாலை

நேற்று மருமகள் வெள்ளரிக்காய் அச்சாருக்குக் காடி ஊற்றினாள். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் நான் அடுப்படியில் இல்லை. என் சிறுவயதில் வேலைபார்த்த ரெங்கம் ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர்ப் பாலுக்கு ஆசிட் விட்டு உறைய வைக்கும் ஸ்டோரில் நின்றேன். உங்களுக்குச் சாம்பிராணி மணத்தால் கோயில் ஞாபகம் வரும். எனக்கு ஆசிட் நெடிதான் கோயில். சிரிக்காதீர்கள்.

எங்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வரும் வெள்ளைக்காரச் சாமியார் அந்த ஸ்டோரில்தான் பூசை வைப்பார். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தை ஒவ்வொருவராக அவரிடம் சொல்லவேண்டும். கொடியில் ஒரு ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் வாளியைக் கவிழ்த்து அவர் உட்கார்வார். இந்தப் பக்கம் நாங்கள் மண்டியிடுவோம். ஷீட் முகத்தை மறைக்கும், பேச்சை மறைக்குமா? அதனால் வரிசையில் நிற்பவர்கள் சத்தமாக ஜெபமாலை சொல்லவேண்டும் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நேரம் ஆக ஆகக் குரல்கள் தளரும், காதுகள் நீளும்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பால்வெட்டில், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் இறக்குவதில், என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு மிதப்பு. ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசை மரம்; பக்கத்து நிரை சூசையம்மா அக்காவுடையது. ஒருநாள் காய்ச்சலோடு வந்து மரத்தடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். "நீங்க உக்காருங்கக்கா, உங்க மரத்தையும் நானே வெட்டிடுறேன்" என்றேன். வெட்டினேன். அவசரத்தில் ஏழு மரத்தில் உளி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டது. காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. தோட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

"யாரு நிரை இது?" என்றார் கங்காணி.

"என்னுதுங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உளியைப் பிடுங்கிப் புல்வெட்ட அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் தேறாத உடம்பு, வெட்டவெளி வெயில். அவள் இருமல் என் நிரைவரைக்கும் கேட்கும்.

சாமியார் வந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் கங்காணியின் மனைவி, அவளுக்குப் பின்னால் அக்கா. மண்டியிட்டதும் அழுகை வந்தது. அழுதால் எனக்குக் குரல் ஏறிவிடும். அந்த நேரம் பார்த்து ஜெபமாலை முணுமுணுப்பாகத் தொய்ந்திருந்தது. "அந்த ஏழு மரமும்..." என்று நான் ஆரம்பித்த நொடியில், இருமலுக்கு நடுவே ஒரு குரல் ஓங்கியது. சூசையம்மா அக்கா. தகரக்கூரை அதிரச் சொன்னாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் குற்றம் சாமியாரைத் தவிர ஒருவர் காதிலும் விழவில்லை.

அவர் தட்டுத்தடுமாறிய தமிழில், "ஆண்டவர் உன்னை மன்னித்தார். அந்தப் பெண்ணின் உளி எங்கே?" என்று கேட்டார்.

பூசை முடிந்ததும் நேரே கங்காணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியதை எழுத முடியாது. மறுநாள் உளி அக்கா கையில், புல்வெட்டுக் கத்தி என் கையில்.

"ஏங்க்கா நீங்களே சொல்லல?"

"எனக்கு ஒத்தாசைக்கு வந்தவதானேடி நீ. ஒன்ன எப்படிக் காட்டிக் குடுக்குறது?"

அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. ஆண்டவரின் இரக்கம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த இருமல் கலந்த குரல்தான் கேட்கிறது. நம் தப்பு முழுவதும் தெரிந்த குரல். தெரிந்தும் ஊர் கேட்காதபடி மூடிய குரல். என்ன மனுஷி அவள்!

அந்த ஸ்டோரைப் பிரித்துவிட்டார்கள். பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. அக்காவும் போய்ச் சேர்ந்தாள். இப்போது டவுன் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கதவு வைத்த மரக்கூண்டு. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. போன வாரம் அதில் மண்டியிட்டு வெகுநேரம் வாய் திறக்காமல் இருந்தேன். வெளியே யாராவது ஜெபமாலையை உரக்க ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

"சொல்லுங்கம்மா" என்றார் சாமியார்.