அத்தை பேசும் ஆப்

உடம்பைக் குறைக்கச் சொல்லும் ஆப் ஒன்றை ஆரம்பித்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஆப் லாபம் பார்த்த கதையும், என் பெண்ணின் கல்யாணத்துக்கு அக்கா வருவாளா என்று நான் பயந்த கதையும் ஒன்றுதான். முதல் கதையை மட்டும் கேட்க ஆட்கள் வருகிறார்கள். ஒரு கல்லூரியில் மேடையேற்றிச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

கூட்டாளி என் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய் என்றதும் ஸ்ரீரங்கம் வந்தவன். திரும்பி வா என்றபோது போகவில்லை. நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவன். பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடின. அதற்கு நான் மட்டும் காரணமில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பஜ்ஜிக் கடைக்கு மேல் மாடி அறை. பதினொரு மணிக்கு எண்ணெய் வாசம் படியேறி வரும். கொழுப்பைத் தவிர்க்கச் சொல்லி எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாக ரெண்டு வாழைக்காய் பஜ்ஜிக்குக் குரல் கொடுப்பேன்.

நடக்காமல் உட்கார்ந்திருப்பவரின் செல்போனில் டிங் என்று ஒரு வரி வந்து விழுமே, அதை எழுதுவது என் வேலை. முதலில் நாகரிகமாக எழுதினேன். ‘காவிரிக் காற்று காத்திருக்கிறது, கொஞ்சம் நடக்கலாமா?’ காற்று காத்திருந்ததுதான் மிச்சம். இலவசமாக இறக்கிக்கொண்டவர்கள் ஒரே வாரத்தில் அழித்தார்கள்.

ஒரு நாள் எரிச்சலில் இப்படி எழுதினேன்: ‘ஏன்டி, மூணு நாளா வெளியவே காணோம்? வாசக்கால இடிச்சுக் கட்டணுமா?’ சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. எங்க அத்தை மாதிரியே இருக்கு என்று பத்துப் பேர் எழுதினார்கள். மைத்துனன் நாற்காலியோடு என் பக்கம் உருண்டு வந்தான்.

“மாமா, கெடச்சிருச்சு! நம்மாளத் தட்டிக் குடுத்தா ஏமாத்து வேலைம்பான். திட்டுனாத்தான் சொந்தம்னு நம்புவான்.”

அவன் சொன்னது உண்மை. அன்பு இருக்கிற இடத்தில் வாய் நீளும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். வாய் நீள்கிற இடத்திலெல்லாம் அன்பு இருக்கிறது என்று தலைகீழாகவும் நம்பிவிடுகிறோம். அந்தத் தலைகீழில்தான் நாங்கள் கடை விரித்தோம். வரிகளுக்கு ஒரு பெண் குரல் கொடுத்தோம், அத்தை என்று பெயர் வைத்தோம். அத்தை திட்ட வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். கட்டினார்கள். என் எழுத்தைக் காசு கொடுத்துப் படிக்க இத்தனை பேர் இருந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கல்யாண பேக்கேஜ். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம், என்றைக்கு, நீங்கள் என்ன உறவு என்று சொல்லிவிட்டால் போதும். முகூர்த்தம் வரைக்கும் அத்தை தினமும் குத்துவாள். எல்லாவற்றையும்விட அதுதான் விற்றது.

வரிகளுக்கு நான் கற்பனையை நம்பவில்லை. எனக்கு மூத்த அக்கா ஒருத்தி. ரயில்வேயில் வேலை, பொன்மலையில் தனி வீடு, சின்ன வயதிலிருந்தே கனத்த உடம்பு. உறவுக்காரர்கள் முப்பது நாற்பது வருடமாக அவளைச் சொன்னதெல்லாம் என் காதில் அச்சுக் குலையாமல் இருந்தது. எடுத்து எடுத்துப் போட்டேன்.

அதில் ஒன்று மட்டும் வேறு ஜாதி. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் சொந்த அத்தை பரிமாறுகிறவரிடம், “இவளுக்கு ரெண்டு இலையாப் போடுப்பா” என்றாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கை கழுவிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை.

அந்த வரியும் பேக்கேஜில் இருந்தது. ‘கல்யாணத்துக்குப் போறியாமே? ரெண்டு இலையாப் போடச் சொல்லட்டா?’ அதிகம் பேர் பகிர்ந்ததும் அதுதான்.

தை மாதம் என் பெண்ணுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நிச்சயமானது. நான் கூப்பிட்டால் அக்கா வந்திருக்க மாட்டாள். பெண்ணே பொன்மலைக்குப் போய், நீ வராம நான் மணையில உக்கார மாட்டேன் என்று அழுது ஒப்புக்கொள்ள வைத்தாள். அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள்.

“தம்பி, உன் ஆப்பப் போட்டிருக்கேன்டா. கல்யாண பேக்கேஜ். பாப்பா கல்யாணத் தேதியப் போட்டு முழுசாக் காசு கட்டிட்டேன்.”

“எதுக்குக்கா காசெல்லாம்? கேட்டா நானே குடுத்திருப்பேன்ல?”

“தம்பி கடையில ஓசியா வாங்குவாங்களா?”

போனை வைத்ததும் மைத்துனனிடம் ஓடினேன்.

“அந்த ரெண்டு இலைய எடுத்துரு மாப்ள.”

“மாமா, அதுதான் நம்ம சூப்பர் ஹிட். அதை எடுத்துட்டு என்னத்த விக்கிறது? பஜ்ஜியா?”

“அக்கா சேந்திருக்காடா.”

யோசித்தான். அவனுக்கு நல்ல மூளை. “அப்ப அக்கா நம்பருக்கு மட்டும் அந்த வரி போகாமப் பண்ணிடறேன். போதுமா?”

போதும் என்றேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். ஊரில் இருக்கிற அக்காக்கள் அத்தனை பேருக்கும் அது போகட்டும், என் அக்காவுக்கு மட்டும் போகாமல் இருந்தால் சரி. சோற்றில் விழுந்த பல்லியைத் தன் தட்டிலிருந்து மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் பந்தியைத் தொடர்கிற ஆள் நான்.

கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். பச்சைப் பட்டு, கொஞ்சம் இளைத்திருந்தாள். தாலி கட்டும்போது என் பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். பெண் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். முதல் பந்திக்குக் கூப்பிட்டபோது அவளைக் காணவில்லை. மண்டப வாசலில் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, சாப்பிடாமப் போறே?”

“பாப்பாவுக்காக வந்தேன். பாத்துட்டேன், போதும்.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

அக்கா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

“எங்க ஆபீஸ்ல இன்னொருத்தியும் உன் பேக்கேஜ் வாங்கியிருக்கா. போன வாரம் மத்தியானம் சாப்பிடறப்ப எல்லாருக்கும் போட்டுக் காமிச்சா. ரெண்டு இலை. அவளே சிரிக்கிறா பாவம், வேற என்ன பண்ணுவா? எனக்கு ஏன் வரலன்னு வீட்டுக்கு வந்து மொத்தமும் தேடிப் பாத்தேன். இல்ல. எனக்கு மட்டும் நிறுத்தியிருக்கே. அப்ப அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்.”

“அக்கா, அது வந்து, வியாபாரத்துல...”

“நம்ம அத்தைக்கு நாக்குல எலும்பு கிடையாது. வாயில வந்துச்சு, சொன்னா, மறந்துட்டா. நீ உக்காந்து எழுதியிருக்கேடா.”

ஆட்டோ கிளம்பிப் போயிற்று. உள்ளேயிருந்து யாரோ, பெண்ணோட அப்பாவைக் கூப்பிடுங்க என்று கத்தினார்கள்.

அந்த ரெண்டு இலை வரியை நான் நான்கு தடவை திருத்தினேன். மூன்றாவது தடவை எழுதியதில் வலி கொஞ்சம் குறைவாக இருந்தது என்று அடித்துவிட்டேன்.